குவாண்டம் புள்ளியில் அணுக்கருத் தற்சுழற்சியை அளக்கும் முறை

இண்டியம் காலியம் ஆர்சினைடு குவாண்டம் புள்ளியில் (எலக்ட்ரானைச் சிறைப்பிடிக்கும் நானோ அளவுக் குறைக்கடத்தித் துணுக்கு) அகப்பட்ட ஒற்றை எலக்ட்ரான் 10,000 முதல் 1,00,000 வரையிலான அணுக்கருக்களோடு உறவாடுவதால், அவற்றின் தற்சுழற்சிகள் (அணுக்கருவைச் சிறு காந்தம்போல் நடக்கவைக்கும் பண்பு) ஒருபக்கமாகச் சாயும்போது எழும் ஓவர்ஹவுசர் புலத்தை, அதாவது அவை சேர்ந்து எலக்ட்ரான்மீது செலுத்தும் காந்தப்புலத்தை, அந்த எலக்ட்ரானைக் கொண்டே அளக்கலாம்.

மாதிரியை ஏறத்தாழ 4 கெல்வினுக்குக் குளிர்வித்து, படிகம் வளர்ந்த திசையில் சில டெஸ்லா காந்தப்புலம் கொடுத்து, வட்ட முனைவாக்கம் பெற்ற (மின்புலம் சுழன்றபடி செல்லும்) லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அது எலக்ட்ரான் வழியாக அணுக்கருக்களைச் சாய்க்கும்; ஒளிர்வு நிறமாலைக் கோடு சீமன் விளைவால் (காந்தப்புலம் ஆற்றல் மட்டங்களைப் பிரிப்பது) இரண்டாகப் பிரிந்து தெரியும். அந்த இடைவெளியைக் குறித்துக்கொண்டு, வலச்சுழல் ஒளியை இடச்சுழலாக மாற்றி, அணுக்கருக்கள் புதிய நிலையை எட்டும்வரை பொறுத்திருந்து மீண்டும் அளக்க வேண்டும். அவசரப்பட்டால் இங்கேதான் கணக்குத் தவறும். ஒப்பீட்டுக்கு, அணுக்கருக்களைச் சாய்க்காத நேர்கோட்டு முனைவாக்க ஒளியில் கிடைக்கும் இடைவெளியையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து விலகும் ஆற்றலை எலக்ட்ரானின் ஜி-காரணியாலும் (காந்தப்புலத்தில் அதன் ஆற்றல் எவ்வளவு பிரியும் என்பதைக் காட்டும் எண்) போர் மேக்னட்டானாலும் (Bohr magneton; எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கான அடிப்படை அலகு) வகுத்தால், அணுக்கருப் புலம் டெஸ்லாவில் கிடைத்துவிடும்.