பெண்ணியம் பேசும்போது விட்டுப்போகிற பெண்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

"பெண்கள் என்று வந்தால் எல்லோரும் ஒன்றுதானே, இதில் எதற்கு இனம், வர்க்கம், உடல்குறை என்று பிரிக்க வேண்டும்?" நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் கேட்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பிரிவுகளால் அடிபடாதவராக இருப்பார். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது: தன் வாழ்க்கையை எல்லாப் பெண்களின் வாழ்க்கையாக எடுத்துக்கொள்வது. தென்னாப்பிரிக்காவில் 1930இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அது வெள்ளையினப் பெண்களுக்கு மட்டுமே வந்தது.

அடுத்தது கூட்டல் கணக்கு. கறுப்பினப் பெண்ணின் சிக்கல் என்றால் இனப் பாகுபாட்டோடு பாலினப் பாகுபாட்டைச் சேர்த்தால் போதும் என்று நினைப்பது. அமெரிக்காவில் 1976இல் தீர்ப்பான ஒரு வழக்கைப் பார்த்தால் இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1964க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களையே வேலைக்கு எடுக்கவில்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். அப்புறம் யார் வேலை போகும்? நீதிமன்றமோ, நிறுவனம் பெண்களை ஏற்கெனவே வேலைக்கு எடுத்திருக்கிறதே என்றது. எடுத்தது வெள்ளையினப் பெண்களை. இனப் பாகுபாடு என்றால் அதற்கென நடக்கும் வேறு வழக்கில் சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துக் கறுப்பினப் பெண்களாகக் கேட்க மட்டும் இடமில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இன்டர்செக்‌ஷனாலிட்டி (இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒன்றோடொன்று பின்னி ஒருவரைத் தாக்குவது) என்ற கருத்தை முன்வைத்தபோது அலசிய வழக்குகளில் இதுவும் ஒன்று.

எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் "அவர்களையும் கூப்பிடுவோம்" என்பது இன்னொரு தவறு. சக்கர நாற்காலியில் வருபவரைப் பேச அழைத்துவிட்டு, மேடைக்குப் படிக்கட்டு மட்டும் வைத்திருப்பார்கள். அன்றைய தலைப்பு எதுவானாலும் அவரிடம் ஊனத்தைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். சம்பளம், குழந்தை வளர்ப்பு, பாலியல் சீண்டல் பற்றியெல்லாம் அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காதா என்ன? அழைப்பிதழ் அச்சாகும்போது இல்லை, தலைப்பை யோசிக்கும்போதே அவர் அங்கே இருக்க வேண்டும்.

ஒற்றுமை குலைந்துவிடும் என்று வாயை அடைப்பதும் உண்டு. அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தில் 1969 வாக்கில் லெஸ்பியன் பெண்களை இயக்கத்துக்கே ஆபத்து என்று பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் 1971இல் அந்நாட்டின் தேசியப் பெண்கள் அமைப்பே (NOW) லெஸ்பியன் உரிமையைப் பெண்ணியத்தின் அக்கறையாக ஏற்றுத் தீர்மானம் போட்டது.

சரி, வேறுபாட்டை மதிக்கிறோம் என்று எதையும் கேட்காமல் ஒதுங்கிவிடலாமா? "அது அவர்கள் கலாச்சாரம், நாம் தலையிடக் கூடாது" என்பது மரியாதை போலத் தெரியும். ஆனால் அந்தச் சமூகத்துக்குள்ளேயே அந்த வழக்கத்தை எதிர்த்து நிற்கும் பெண்களை இது கைவிட்டுவிடுகிறது. மீட்பராகப் போய் நிற்பதும் வேலைக்காகாது. அவர்கள் ஏற்கெனவே என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டு, அந்தக் கோரிக்கைக்குத் தோள் கொடுக்கலாம்.