பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: வீட்டுத் தண்ணீர்த் தட்டிலிருந்து வெளியே முதல் நடை வரை

பறவை பார்ப்பதில் புதிதாக இறங்குபவர்கள் பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பைனாகுலர், அடுத்து தடித்த கையேடு, பிறகு எங்கோ தொலைவில் ஓர் ஏரி. அங்கே ஒரே நேரத்தில் முப்பது வகைப் பறவைகள் கண்முன் அலையும்போது எது என்ன என்றே பிடிபடாது. இரண்டு முறை போய்வந்தபின் ஆர்வம் வற்றிவிடும்.

உலகில் ஏறத்தாழ 11,000 வகைப் பறவைகள் உள்ளன. ஒரு வீட்டைச் சுற்றி வழக்கமாக நடமாடுபவை பத்துப் பதினைந்து வகைதான். அந்தப் பத்தையும் உருவம், நடை, குரல், பறக்கும் விதம் என்று முழுமையாகத் தெரிந்துகொண்டால், வெளியே ஒரு புதுப் பறவை வரும்போது “இது அவற்றில் ஒன்றில்லை” என்று கண் உடனே சொல்லிவிடும். அதனால் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: தண்ணீர்த் தட்டு வையுங்கள்

தானியம் போட்டால் தானியம் தின்னும் பறவைகள் மட்டுமே வரும். தண்ணீருக்குப் பூச்சி தின்பவை, பழம் தின்பவை, தேன் குடிப்பவை எல்லாமே வரும். ஆரம்பத்தில் செய்ய வேண்டிய ஒரே செலவு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

30 முதல் 40 செ.மீ. அகலமுள்ள மண் தட்டு போதும். ஆழம் ஓரத்தில் 1 செ.மீ., நடுவில் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். சிறு பறவைகள் கால் எட்டாத தண்ணீரில் இறங்காது. தட்டு ஆழமாக இருந்தால் உள்ளே கூழாங்கற்களைப் பரப்பி, ஒரு கல்லின் தலை தண்ணீருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் மெருகேற்றிய பீங்கானிலும் கால் வழுக்கும். பறவை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். உலோகத் தட்டு வெயிலில் சுட்டுவிடும்.

வைக்கும் இடம் முக்கியம். புதருக்கு ஒட்டினாற்போல் வைத்தால் பூனை பதுங்கும். முழு வெட்டவெளியில் வைத்தால் வல்லூறுக்குப் பயந்து பறவைகள் இறங்காது. மரம் அல்லது புதரிலிருந்து 2, 3 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வைப்பது நல்லது. நனைந்த பறவையால் வேகமாகப் பறக்க முடியாது. ஒரே தாவலில் போய் உட்கார ஒரு கிளை பக்கத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம் போல ஆகும் என்பதால், தினமும் கொட்டிவிட்டு நிரப்பும் தட்டில் கொசு வளராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாசியையும் எச்சத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். முதல் வாரத்தில் ஒன்றுமே வராமல் போகலாம். அதற்காகத் தட்டை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் தாமதமாகும். மேலே ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக விழவைத்தால், தண்ணீரின் அசைவையும் சத்தத்தையும் கவனித்து விரைவில் வந்து சேரும்.

வந்தபின் குடிப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான பறவைகள் அலகில் ஒரு வாய் அள்ளி, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கும். புறாவும் மணிப்புறாவும் அப்படியல்ல. அலகை அமிழ்த்தி, தலையைத் தூக்காமல் தொடர்ந்து உறிஞ்சும். குளிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அலகைத் தோய்த்துப் பார்க்கும், பிறகு மார்பை அமிழ்த்தும், தலையை முன்னால் முக்கி எடுத்து முதுகின் மேல் தண்ணீரை வீசும், இறக்கைகளைப் படபடவென்று அடிக்கும். கிளைக்குப் போனதும், வால் தொடங்கும் இடத்தில் முதுகுப் பக்கமாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் பிதுக்கி, ஒவ்வோர் இறகாக நீவிவிடும். அது இறகு நீவும் சில நிமிடங்கள்தான் நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. மறைந்திருக்கும் இறக்கைப் பட்டை, பிட்டத்தின் (வாலுக்குச் சற்று மேலே, முதுகு முடியும் பகுதி) நிறம், வாலின் வெளி இறகுகள் எல்லாம் அப்போது விரிந்து தெரியும்.

படி 2: மூன்று பறவைகளை அளவுகோலாக்குங்கள்

“சின்னது”, “பெரிசு” என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., மைனா சுமார் 25 செ.மீ., காகம் 40 செ.மீ.க்கு மேல். எந்தப் புதுப் பறவையைப் பார்த்தாலும் “சிட்டைவிடப் பெரிசு, மைனாவைவிடச் சிறிசு” என்று முதலில் வகைப்படுத்துங்கள். இவை உங்கள் பகுதியில் இல்லையென்றால் தினமும் பார்க்கும் வேறு மூன்றை எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: பைனாகுலரை உங்கள் கண்ணுக்குப் பொருத்துங்கள்

8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. என்று பொருள். தொடங்குபவர்களுக்கு இதுவே ஏற்றது. 10 அல்லது 12 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும், காட்சிப் பரப்பும் குறுகும். இலைகளுக்குள் தாவும் பறவையைப் பிடிக்கவே முடியாது. சட்டைப்பைக்குள் அடங்கும் 8×25 எடை குறைவு, ஆனால் விடியற்காலையில் இருட்டடிக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. அத்தனை மி.மீ. அகலமுள்ள ஒளிக்கற்றை கண்ணுக்குள் வருகிறது. 25ஐ வகுத்தால் 3 மி.மீ. சொச்சம்தான்.

வாங்கியதும் இந்த வரிசையில் சரிசெய்யுங்கள்:

1. கண்ணாடி அணிபவர்கள் கண்வைக்கும் ரப்பர் வளையத்தை முழுவதும் உள்ளே இறக்கிவிடுங்கள். அணியாதவர்கள் வெளியே இழுத்துவிடுங்கள். ஓரத்தில் கருநிழல் ஆடினால் இதுதான் சரியில்லை.
2. இரு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.
3. வலப்பக்க முன் லென்ஸைக் கையால் மூடி, 20 மீட்டர் தள்ளியுள்ள ஓர் எழுத்துப் பலகையை நடுச் சக்கரத்தால் துல்லியமாக்குங்கள்.
4. இப்போது இடப்பக்கத்தை மூடுங்கள். நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கமுள்ள சிறு வளையத்தைத் திருப்பி அதே பலகையைத் துல்லியமாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள். அது உங்கள் கண்ணின் அளவு. இனி நடுச் சக்கரம் மட்டும் போதும்.

நான்காவது வேலையைப் பலர் செய்வதே இல்லை. அரைமணி நேரத்தில் தலைவலி வருவதற்கு அது ஒரு காரணம்.

பறவையைக் கருவிக்குள் கொண்டுவருவது தனிப் பழக்கம். பறவையைப் பார்த்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல், கருவியை மேலே தூக்கிக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நிற்கும் மரக்கிளைகள், தொலைவிலுள்ள கம்பங்கள் என்று பத்து நிமிடம் பழகினாலே கை தானாகச் செய்யும். சூரியனை ஒருபோதும் அதன் வழியாகப் பார்க்கக் கூடாது. கண் பார்வையே போய்விடும். லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ஊதி அகற்றிவிட்டு, பிறகு மென்துணியால் துடையுங்கள். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும்.

படி 4: முதல் நடை

சூரியன் எழுந்த பிறகு வரும் இரண்டு மூன்று மணிநேரம்தான் சிறு பறவைகளுக்கு உகந்த நேரம். பருந்து, கழுகு வகைகளுக்கு அவ்வளவு சீக்கிரம் போகத் தேவையில்லை. தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பிய பிறகே அவை வட்டமிடத் தொடங்கும். கடலோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்குக் கடிகாரத்தைவிட ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) முக்கியம். நீர் ஏறும்போது சேற்றுப் பரப்பு சுருங்கி அவை கரையை நோக்கி நெருங்கும்.

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிர்வெயிலில் பார்த்தால் பச்சையும் நீலமும் பழுப்பும் எல்லாம் கறுப்பாகவே தெரியும். பூத்த மரம், காய்த்த மரம், நீர்நிலையின் ஓரம், காடும் திறந்தவெளியும் சேரும் விளிம்பு ஆகிய இடங்களில் நின்று காத்திருங்கள். ஒரு கிலோமீட்டர் நடப்பதைவிட ஒரே மரத்தடியில் இருபது நிமிடம் அசையாமல் நிற்பது கூடுதலாகக் காட்டும்.

நெருங்குவதானால் நேராகப் போகாதீர்கள். பக்கவாட்டில் கொஞ்சம், நின்று கொஞ்சம் என்று போங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்திக் கழுத்தை நீட்டினால் அதுவே எல்லை, அங்கேயே நில்லுங்கள். அலகில் இரையுடன் உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஒரே இடத்தில் தவிக்கிறதென்றால், பக்கத்தில் கூடு இருக்கிறது. உடனே விலகிவிடுங்கள். நீங்கள் அங்கு நிற்கும் நேரமெல்லாம் குஞ்சுகளுக்குப் பட்டினி. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வந்து அது அலைகிறது.

படி 5: பெயருக்கு முன் ஐந்து கேள்விகள்

பறவை எதிரே இருக்கும்போது கையேட்டைத் திறக்காதீர்கள். புத்தகம் பறக்காது, பறவை பறந்துவிடும். முதலில் இவற்றுக்குப் பதில் தேடுங்கள்.

*என்ன அளவு?* படி 2இல் சொன்னதுதான்.

*அலகு எப்படி?* குட்டையாகத் தடித்திருந்தால் விதை. ஊசிபோல் மெலிந்திருந்தால் பூச்சி. கொக்கியாக வளைந்திருந்தால் பெரும்பாலும் இறைச்சி. ஈட்டிபோல் நீண்டிருந்தால் மீன். நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும், அலகின் வடிவம் மாறாது. அதனால் நிறத்துக்கு முன் இதைப் பாருங்கள்.

*என்ன செய்கிறது?* வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தரையில் ஓடுவது வாலாட்டி. ஒரே கொம்பிலிருந்து பாய்ந்து காற்றில் பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கொம்புக்குத் திரும்புவது பஞ்சுருட்டான், ஈப்பிடிப்பான், கரிச்சான் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

*எப்படிப் பறக்கிறது?* கழுத்தை எஸ் போல மடக்கிப் பறந்தால் கொக்கு இனம். நீட்டிப் பறந்தால் செங்கால் நாரை, அரிவாள் மூக்கன் வகைகள். தகைவிலானும் உழவாரனும் வானில் ஒன்றுபோலத் தெரியும். மின்கம்பியில் வந்து வரிசையாக உட்கார்ந்தால் அது தகைவிலான். உழவாரனின் கால்கள் சுவரையும் பாறையையும் பற்றத்தான் உதவும், கம்பியில் அமராது.

*குறி எங்கே?* புருவக்கோடு, கண் வளையம், இறக்கைப் பட்டை, பிட்டம், வாலடி (வாலின் கீழ்ப்புறம் தொடங்கும் பகுதி). “மஞ்சளாக இருந்தது” என்பதைவிட “வாலடி மட்டும் மஞ்சள்” என்ற குறிப்பு நூறு வகைகளைக் கழித்துவிடும்.

ஒரே வகை பல உருவில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆண் குயில் பளபளக்கும் கறுப்பு, பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. உண்ணிக்கொக்கு ஆண்டின் பெரும்பகுதி வெள்ளையாக இருந்துவிட்டு, இனப்பெருக்கக் காலத்தில் தலை, மார்பு, முதுகில் ஆரஞ்சு பூசிக்கொள்ளும். புத்தகத்தில் எதனோடும் ஒத்துவராத பறவை அரியவகையாக இருப்பதைவிட, இளம் பறவையாகவோ இறகு உதிர்க்கும் பறவையாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நன்றாக உதவும். அது சொல்வதைத் துப்பாக எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தபிறகே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: எழுதி வையுங்கள்

தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எந்தப் பறவை எத்தனை. இவ்வளவு போதும். இதையே 2002இல் தொடங்கப்பட்ட இ-பேர்ட் தளத்திலும் பதியலாம். அங்கே, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்தீர்களா என்று கேட்பார்கள். காகத்தையும் புறாவையும் விடாமல் சேர்த்து ‘ஆம்’ என்று சொல்லுங்கள். எல்லாமே உள்ள பட்டியலில்தான் ஒரு பறவை இல்லாததும் தகவலாகிறது. ஒரு வகை குறைந்துவருவதை ஆய்வாளர்கள் அதிலிருந்துதான் கண்டறிகிறார்கள்.

காலில் வளையம் போட்ட பறவை தென்பட்டால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, வளையமிடும் அமைப்புக்குத் தெரிவியுங்கள். 1899இல் டென்மார்க் ஆசிரியர் ஹான்ஸ் மார்டென்சன் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்துப் பறவைகளின் கால்களில் மாட்டினார். வலசைப் பாதைகளைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு அந்த முறையால் வந்தது.

படி 7: வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஜன்னல் கண்ணாடியில் வானமும் மரமும் பிரதிபலிப்பதைப் பாதை என்று நம்பிப் பறவைகள் மோதுகின்றன. ஒரே ஒரு பருந்துப் படத்தை ஒட்டுவதால் பயனில்லை. அதன் பக்கவாட்டில் புகுந்து மோதும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளிக்கு ஒன்றாகப் புள்ளிகளோ கோடுகளோ வரையுங்கள்.

தானியம் வைப்பதானால் மாலைக்குள் தீரும் அளவே வைத்து, மிச்சத்தை அள்ளிவிடுங்கள். உப்பிட்ட பண்டம், ரொட்டி, பூசணம் பிடித்த தானியம், பால் வேண்டாம். சிலிர்த்த இறகோடு சோர்ந்து உட்காரும் பறவை கண்ணில் பட்டால் தானியம் வைப்பதை இரண்டு வாரம் நிறுத்தி, பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். கூட்டம் சேரும் இடத்தில்தான் நோய் பரவும்.

சிட்டுக்குருவிக்குக் கூட்டுப்பெட்டி வைக்க, வண்ணம் பூசாத 15 மி.மீ. கனமுள்ள பலகை, 32 மி.மீ. துளை, துளையிலிருந்து பெட்டியின் அடிப்பலகை வரை குறைந்தது 12.5 செ.மீ. ஆழம், அடியில் நான்கு வடிகால் துளைகள். துளைக்குக் கீழே குச்சி வைக்காதீர்கள். சிட்டுக்கு அது தேவையில்லை, கூட்டைக் கொள்ளையடிக்க வருபவைக்குத்தான் உதவும். 2 முதல் 4 மீட்டர் உயரத்தில், நண்பகல் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

தரையில் குஞ்சு கிடந்தால் முதலில் இறகைப் பாருங்கள். உடல் முழுக்க இறகு, குட்டை வால், தத்தித் தாவுகிறது என்றால் அது கூட்டைவிட்டு வெளிவந்து பறக்கப் பழகும் குஞ்சு. தாய் தந்தை பக்கத்திலேயே இருந்து ஊட்டும். பூனை, வாகனம் வரும் இடமானால் அருகிலுள்ள புதரில் தூக்கி வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். இறகு முளைக்காத குஞ்சானால் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். மனிதர் கை பட்டதால் பெற்றோர் ஒதுக்காது. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நாக்கின் அடிப்பகுதியிலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அடிபட்டிருந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, வனவிலங்கு மீட்பாளரை அழையுங்கள்.