வலி இல்லை என்பதை நம்பாதீர்கள்: பல் இம்ப்ளான்ட் வைத்த பிறகு நடக்கும் தவறுகள்

என் அம்மாவுக்கு 61 வயதில் கீழ்க்கடைவாயில் இம்ப்ளான்ட் வைத்தார்கள், அதாவது போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஒரு ஸ்க்ரூவைப் பதித்தார்கள். முதல் மூன்று நாள் கன்னம் வீங்கி, கஞ்சியும் மாத்திரையுமாகப் போனது. பத்தாம் நாள் தையலைப் பிரித்தார்கள். "வலியே இல்லடா, இதுக்கா இவ்வளவு பயந்தேன்" என்றார். அந்த வாரம் தீபாவளி. முறுக்கும் கடலை உருண்டையும் அந்தப் பக்கத்திலேயே மென்றார். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஐந்தாவது வாரம் ஸ்க்ரூ லேசாக ஆடியது. அதைக் கழற்றி, எலும்பு ஆறுவதற்கு நான்கு மாதம் காத்திருந்து, மறுபடி வைக்க வேண்டியதாயிற்று.

முறுக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்போது அவருக்குச் சர்க்கரையும் கூடியிருந்தது. ஆனால் வலி போனதும் ஆறிவிட்டது என்று நினைத்தது எங்கள் தவறு. அதற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில், இம்ப்ளான்ட் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

இயற்கையான பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மெல்லிய நார்த்திசு ஒன்று மெத்தை போல இருக்கிறது. அதில் நரம்புகள் உண்டு. சோற்றில் சிறு கல் கடிபட்டால் சட்டென்று வாய் நின்றுவிடுவது அதனால்தான். இம்ப்ளான்ட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. டைட்டானியம் ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு வளர்ந்து நேராகப் பிடித்துக்கொள்கிறது. டைட்டானியத்தை எலும்பு இப்படிப் பற்றிக்கொள்ளும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ப்ரோனமார்க் 1950களில் முயல்களின் எலும்பை ஆராய்ந்தபோது கண்டார். 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக இம்ப்ளான்ட் வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, 40 வருடத்துக்கு மேல், அந்த இம்ப்ளான்ட்டுகள் அவர் வாயிலேயே இருந்தன. அவ்வளவு காலம் உழைக்கக்கூடிய பொருள்தான். ஆனால் அதிகப் பாரம் விழுந்தாலும், கீழே எலும்பு கரைந்தாலும் அது நமக்குச் சொல்லாது. சொல்ல அதற்கு நரம்பு இல்லை.

முதல் இரண்டு நாள்

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, வாயில் ரத்தச் சுவை தெரிந்தவுடன் துப்பிக்கொண்டே இருப்பது. காயத்தின் மேல் உறைந்து நிற்கும் ரத்தம்தான் அதற்கு மூடி. துப்பத் துப்ப அந்த மூடி பெயர்ந்து மறுபடி கசியும். டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடாமல் கடித்துக்கொண்டு, எச்சிலை விழுங்கிவிடுவதே நல்லது. முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. வாய் நிறைய ரத்தம் வந்துகொண்டே இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

உறிஞ்சுவதும் அதே கெடுதலைச் செய்யும். பார்க்க வருபவர்கள் அன்போடு இளநீர் வாங்கி, ஸ்ட்ரா போட்டுக் கையில் கொடுப்பார்கள். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். நம் வீடுகளில் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இங்கே உதவிக்கு வரும்.

வீக்கத்தைப் பார்த்ததும் பாட்டிமார் சுடு ஒத்தடம் கொடுக்க வருவார்கள். முதல் 48 மணி நேரம் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். முதல் நாளைவிடப் பெரிதாகிவிட்டதே என்று பதற வேண்டாம். நான்காம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோதான் கவலைப்பட வேண்டும். காயத்தில் கிராம்பு எண்ணெய் விடுவது, காப்பித்தூளோ மஞ்சளோ அப்புவது, எதுவும் கூடாது. கிராம்பு எண்ணெய் பச்சைப் புண்ணைச் சுட்டுவிடும்.

உப்பு வெந்நீரை மறுநாளிலிருந்து தொடங்கலாம். வேகமாகக் கொப்பளிக்காமல், வெதுவெதுப்பான நீரை வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, தானாக வழியவிட வேண்டும். மேல்தாடையின் பின்பக்கம் வைத்தவர்களுக்கு இன்னொன்று உண்டு. அங்கே எலும்புக்கு மேலேயே மூக்கோடு இணைந்த காற்றறையான சைனஸ் இருப்பதால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

ஓர் அறிகுறியை மட்டும் யாரும் பொறுத்துப் பார்க்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்ட இடம் சில மணி நேரத்தில் உணர்வுக்கு வந்துவிடும். கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் வைத்து, மறுநாள் காலையிலும் கீழ் உதடோ தாடையோ மரத்தே இருந்தால், ஸ்க்ரூ நரம்பை அழுத்துகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். "வலிக்கலையே, ரெண்டு நாள் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் நரம்பு தேறும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

மாத்திரைகளில் செய்யும் தவறுகள்

வலி நின்றதும் ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்துவது பழைய கதை. அதைவிட ஆபத்தானது, ரத்தம் உறையாமல் இருக்க இதய டாக்டர் கொடுத்த மாத்திரையை, பல் சிகிச்சை என்று தானாக நிறுத்திவிடுவது. நிறுத்தலாமா வேண்டாமா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரையோ ஊசியோ எடுத்தவர்கள், வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல் சிலருக்கு வருகிறது. வாரம் ஒரு மாத்திரை என்பதால் பலருக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை.

ஏமாற்றும் வாரங்கள்

இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டும். ஸ்க்ரூவை வைத்த அன்று, மரத்தில் ஆணி இறுகுவது போல அது இறுகி நிற்கிறது. பிறகு உடம்பு, அந்த இடத்துப் பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துப் புது எலும்பைக் கட்டத் தொடங்குகிறது. பழைய பிடி தளர்ந்து, புதுப் பிடி இன்னும் வராத அந்த இடைவெளி ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை. ஈறு ஆறி, வலி போய், வீக்கம் வடிந்து, மனசு தைரியமாக இருக்கும் நாள்களும் அவைதான். அம்மாவின் தீபாவளி சரியாக அங்கேதான் விழுந்தது.

எலும்பு முழுதாகப் பற்றக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம், மேல்தாடையில் மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். டாக்டர் அனுமதிக்கும்வரை அந்தப் பக்கம் கடினமானது எதையும் கடிக்கக் கூடாது. தொடக்கத்தில் ஆறிய ரசம் சாதம், ராகிக்கூழ், குழைந்த பொங்கல், சாம்பாரில் ஊறிய இட்லி போதும். தயிர் சாதத்துக்குத் தாளிக்க வேண்டாம். கடுகும் எள்ளும் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மாதங்களில் பழைய கழற்றி மாட்டும் பல்செட்டை அப்படியே போட்டுக்கொள்பவர்களும் உண்டு. கல்யாணம், விசேஷம் என்றால் பல் இல்லாமல் போகக் கூச்சம், புரிகிறது. ஆனால் அது புதுக் காயத்தின் மேலேயே அழுத்தும். டாக்டரிடம் கொடுத்து உட்பக்கத்தைக் குடைந்து வாங்கிக்கொண்ட பிறகு போட வேண்டும். ஈறுக்கு மேலே தெரியும் சின்ன உலோக மூடி கழன்று வந்தால், நீங்களே திருகப் பார்க்காமல் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ போய்விடுங்கள். சில நாளிலேயே ஈறு அந்தத் துளையை மூடிவிடும்.

புகைபிடிப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் எலும்புக்குப் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாமே இதில் சேரும். சர்க்கரை உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒருமுறை மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆறும் மாதங்களிலும் அது கட்டுக்குள் இருக்க வேண்டும். நாங்கள் கோட்டைவிட்டது அதிலும்தான்.

கேப் போட்ட பிறகு

எலும்பு பற்றிய பிறகு ஸ்க்ரூவின் மேல் பல் வடிவில் பொருத்துவதுதான் கேப். "இதுக்குத்தான் சொத்தையே வராதே" என்று பலர் சொல்வது உண்மை. டைட்டானியமும் பீங்கானும் சொத்தையாகாது. ஆனால் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் நம்முடையவை. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே போய்ப் பதிந்திருக்கும். இம்ப்ளான்ட்டில் அவை பக்கவாட்டில் ஓடுகின்றனவே தவிர உள்ளே பதிவதில்லை. அதனால் அழுக்குப் படிந்து கிருமி இறங்கினால் எலும்பை எட்டத் தடை குறைவு. பல் தேய்க்கும்போது அந்த இடத்தில் ரத்தம், ஈறு சிவந்து உப்புவது, கெட்ட சுவை, இவைதான் தொடக்கம். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் திரும்பிவிடும். எலும்பு கரையத் தொடங்கிய பிறகு, போனதைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கஷ்டம். அப்போதும் பெரும்பாலும் வலிக்காது.

கேப்பின் மேற்பகுதி அகலமாகவும், ஈறை ஒட்டிய கழுத்து ஒல்லியாகவும், காளான் போல இருக்கும். சாதாரண பிரஷ் அந்தக் கழுத்துக்குப் போகாது. பல்லிடுக்கில் விடும் சின்ன இன்டர்டென்டல் பிரஷ், ஃப்ளாஸ் எனும் பல்லிடுக்கு நூல் இரண்டில் உங்கள் இடைவெளிக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேட்டு, கண்ணாடி முன் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஊக்கு, குண்டூசி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம். கரகரப்பான பல்பொடியும் வேண்டாம்.

சில வருடம் கழித்து, இம்ப்ளான்ட்டுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் பல்லுக்கும் நடுவில் புதிதாக இடைவெளி விழுந்து சோறும் கீரையும் சிக்கத் தொடங்கலாம். இயற்கைப் பற்கள் வாழ்நாள் முழுக்க மெல்ல முன்னோக்கி நகர்கின்றன, இம்ப்ளான்ட் நகர்வதில்லை. அது உங்கள் தவறு இல்லை. ஆனால் குத்தி எடுத்துக்கொண்டே காலம் தள்ளாமல் போய்க் காட்ட வேண்டும். கேப் ஆடினாலும் அப்படித்தான். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்னத் திருகு தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரியாகிவிடும். ஆடவிட்டு மென்றுகொண்டே இருந்தால் அந்தத் திருகு உள்ளுக்குள் முறிந்துவிடும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இரவில் பல்லின் மேல் மாட்டும் காப்பு உறை (நைட் கார்டு) ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகச் சொல்வதை, ஒன்றுமே பண்ணவில்லையே, எதற்கு என்று விட்டுவிடுகிறோம். எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேதான் காட்டும், அதுவும் பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆகவே கேப் போட்ட அன்று எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். கூடவே உங்கள் ஸ்க்ரூ எந்த கம்பெனி, என்ன விட்டம், என்ன நீளம், என்ன பேட்ச் எண் என்று எழுதிய அட்டையையும் வாங்குங்கள். பல கம்பெனித் திருகுகளுக்குத் தனித்தனி ஸ்க்ரூடிரைவர். பத்து வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு டாக்டர் முன் கேப் ஆடுகிறது என்று போய் உட்காரும்போது, அவர் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான். அம்மாவின் அட்டை எங்கள் வீட்டில் ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருக்கிறது.