ஆல்ஃபா கார்பனிலிருந்து முழுப் புரதம்: புல்க்ரா செய்முறை

ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் ஆல்ஃபா கார்பனின், அதாவது பக்கச் சங்கிலி இணையும் நடுக் கார்பனின், ஆயத்தொலைவு மட்டும் கையில் இருக்கிறது. மற்ற அணுக்களை எங்கே வைப்பது? ரோட்கிவிச்சும் ஸ்கோல்னிக்கும் 2008இல் வெளியிட்ட புல்க்ரா இதற்கென்றே எழுதப்பட்ட சிறிய நிரல். விடை தெரிந்த புரதத்தில் பழகுங்கள்: புரத அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிடிபி தளத்தில் 1யுபிக்யூ (1UBQ), அதாவது 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விட்டின்.

முதல் படி: கோப்பில் ‘ஆட்டம்’ (ATOM) என்று தொடங்கும் வரிகளில் ‘சிஏ’ (CA, ஆல்ஃபா கார்பன்) அணுக்களை மட்டும் பிரித்துப் புதிய கோப்பில் சேமியுங்கள். கால்சியத்துக்கும் இதே இரண்டெழுத்துதான். ஆல்ஃபா கார்பனின் பெயர் 14ஆம் பத்தியில் தொடங்கும், கால்சியத்தின் பெயர் 13இல். இடவெளிகளை நீக்கிவிட்டுத் தேடினால் இரண்டும் கலந்துவிடும். ஒரே அணுவுக்கு இரு மாற்று நிலைகள் இருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். கடைசியில் 76 வரிகள் இருக்க வேண்டும்.

இரண்டாவது படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்களின் தூரத்தைக் கணக்கிடுங்கள். பைத்தானில் பத்து வரி போதும். சாதாரணமாக 3.8 ஆங்ஸ்ட்ராம் வரும். 2.9 அளவில் வந்தால் சிஸ் பிணைப்பு (இரு ஆல்ஃபா கார்பன்களும் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இருப்பது), பெரும்பாலும் புரோலினுக்கு முன்னால். 5க்கு மேல் வந்தால் நடுவில் அமினோ அமிலம் விடுபட்டிருக்கிறது. விடுபட்டதை புல்க்ரா இட்டு நிரப்பாது. அந்த வேலையை முதலில் மாடலர் என்ற புரத மாதிரி நிரலில் முடியுங்கள்.

இனி முனையத்தில் புல்க்ராவின் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுத்து இயக்குங்கள். சில நொடிகளுக்குள் ‘ரீபில்ட்’ (rebuilt) என்ற சொல் சேர்ந்த புதிய கோப்பு கிடைக்கும். கவனிக்க வேண்டிய தேர்வுகள் இரண்டு. ‘-சி’ (-c) கொடுத்தால் ஆல்ஃபா கார்பன்களை நகர்த்தாது. படிக அமைப்பிலிருந்து எடுத்தவற்றுக்கு இது சரி, கரடுமுரடான மாதிரிகளுக்குக் கொடுக்காதீர்கள். ‘-பி’ (-p) கொடுத்தால்தான் சிஸ் புரோலினைக் கண்டுபிடிக்கும். யுபிக்விட்டினில் அது தேவையில்லை.

மூலக்கூறுகளைக் காட்டும் பைமால் நிரலில் மூல அமைப்பின் மேல் பொருத்திப் பாருங்கள். உள்ளே புதைந்த லியூசின், ஐசோலியூசின் பக்கச் சங்கிலிகள் ஓரளவு ஒத்துப்போகும். மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் லைசின்கள் விலகும். அவை கணித்து வைத்த அணுக்கள், அளந்தவை அல்ல. அவற்றை நம்பி ஹைட்ரஜன் பிணைப்புகளை எண்ணாதீர்கள்.

அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷனுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஃபினைல்அலனின், டைரோசின் வளையங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பாருங்கள். வளையத்துக்குள் வேறு சங்கிலி நுழைந்திருந்தால் ஆற்றல் குறைப்பு அதை வெளியே எடுக்காது. அந்தப் பக்கச் சங்கிலியின் ரோட்டமரை, அதாவது அது திரும்பி நிற்கும் நிலையை, கையால் மாற்றிய பிறகே தொடருங்கள்.