கார் கொடுத்தால் போதாது: சிஎஸ்ஆர் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் புதிதாகச் சிஎஸ்ஆர் (கம்பெனி தன் லாபத்தில் சமூகத்துக்குச் செய்யும் வேலை) பொறுப்புக்கு வந்த தம்பி போன் செய்தார். "அண்ணா, ஒரு ஐடிஐக்குக் கார் கொடுக்கப்போறோம். எம்.டி. கையால சாவி கொடுக்கிற மாதிரி பிளான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல வருஷம் முன்னால், மூன்றடி நீளத்துக்குத் தெர்மாகோலில் செய்த சாவியை மேடையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

பள்ளியில் முன்கூட்டியே அனுமதி வாங்குவது, தண்ணீர் கேன் எடுத்துப்போவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாக வந்துவிடும்.

காரைக் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காமல் வருவது

கார் கம்பெனியில், புது மாடல் விற்பனைக்கு வருமுன் சோதனைக்காகச் சில கார்களைக் கட்டுவோம். அவற்றைப் பதிவு செய்து ரோட்டில் விட முடியாது, விற்கவும் முடியாது. ஒன்று நசுக்க வேண்டும், இல்லையென்றால் பயிற்சிக்குக் கொடுக்கலாம். அப்படி ஒன்றை ஓர் அரசு ஐடிஐக்குக் கொடுத்தோம். மாலை, கைதட்டல், போட்டோ எல்லாம் ஆயிற்று.

எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கார் தார்ப்பாய்க்குள் இருந்தது. பானெட்டைத் தூக்கினால் பேட்டரி மேல் தேங்காய் நாரில் அணில் கூடு. எங்கள் வேனிலிருந்து ஒயர் போட்டு உயிர் கொடுத்தோம். மீட்டர் 14 கிலோமீட்டர் காட்டியது. நாங்கள் விட்டுவந்த நாளிலும் அதே 14.

பயிற்றுநரைக் கேட்டேன். "இருப்புப் பதிவேட்டில் ஏத்தியாச்சு சார். ஒரு சென்சார் போனாலும் ஆடிட்டில் நான்தான் பதில் சொல்லணும். பசங்க சனிக்கிழமை துடைச்சு வைக்கிறாங்க" என்றார். அவர்மேல் என்ன தப்பு? கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை. அது கம்பெனிக்குள் மட்டும் புழங்கும் கருவி. அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் இரண்டு வேலை செய்தோம். இது பிரித்துப் பழகத் தந்த பொருள், உடைந்தால் யாரும் பொறுப்பில்லை என்று கடிதம் கொடுத்து, முதல்வரிடம் சொல்லிப் பதிவேட்டிலும் அப்படியே எழுதவைத்தோம். மாதம் இரண்டு நாள், இன்ஜின் உற்பத்தி லைனிலிருந்து இரண்டு டெக்னீஷியன்களை அனுப்பினோம். முதல் நாளே ஒரு மூத்தவர் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றவைத்தார். திரும்ப மாட்டும்போது ஒரு பையன் ஓரத்திலிருந்து வரிசையாக போல்ட்டை இறுக்கிக்கொண்டு போனான். "நிறுத்துப்பா. நடுவுல ஆரம்பிச்சு வெளியே வா, மாத்தி மாத்தி. ஒரே மூச்சுல முறுக்கக் கூடாது, ரெண்டு மூணு தடவையா ஏத்து." சரியான இறுக்கம் வந்து டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் அந்தப் பையன் திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சிக்கலே அந்த ஆளை அனுப்புவதில்தான். ஆபீஸ்காரர் வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பிவிடலாம். லைனில் ஓர் இடம் காலியானால் லைனே நிற்கும், மாற்றாள் வேண்டும். அதனால் கைத்தொழில் தெரிந்தவர் உள்ளேயே இருப்பார், எக்செல் தெரிந்தவர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போவார். "வார லீவில் வரச்சொல்லுங்கள்" என்று எச்ஆர் சொல்லும். கேட்காதீர்கள். உற்பத்திப் பிரிவுத் தலைவரிடம் உட்கார்ந்து பேசி மாற்றாள் வாங்குங்கள். எனக்கு அதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, முந்தைய மூன்று வருஷ சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சிஎஸ்ஆருக்குச் செலவழிக்கச் சொல்கிறது. பொருளாகக் கொடுத்துவிட்டு அதற்கு விலை போட்டுக் காட்ட முடியாது. தொண்டுக்குப் போன ஊழியரின் நேரத்துக்குச் சம்பளக் கணக்கு எழுத, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் 2014 சுற்றறிக்கை இடம் கொடுத்தது. 2021 ஆகஸ்டில் வந்த விளக்கம் அந்தக் கதவையும் மூடிவிட்டது. அந்தத் தம்பி காரின் ஷோரூம் விலையைச் சிஎஸ்ஆர் செலவில் ஏற்றிவைத்திருந்தார். ஆடிட்டர் பார்க்குமுன் அடித்துவிடச் சொன்னேன்.

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று மரம் நடுவது

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் நட்டால் அதுவரை யார் குடம் தூக்குவது?

மாரத்தான்

சிஎஸ்ஆர் கணக்கில் வராது. ஆசையிருந்தால் ஓடுங்கள்.

நைட் ஷிப்ட் முடித்தவரை ஏரி தூர்வாரக் கூப்பிடுவது

கூடவே கூடாது.

மார்ச் மாதம் விழித்துக்கொள்வது

மீதிப் பணம் இருக்கிறதே என்று மார்ச்சில் பெஞ்சும் பெயிண்டும் வாங்கிக் குவிப்பார்கள். பல வருஷம் நடக்கும் தொடர் திட்டமாக முன்பே ஒப்புதல் வாங்கியிருந்தால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். நான் அப்படிச் செய்யாமல், ஒரே பள்ளிக்கு மூன்றாவது வருஷமும் பெயிண்ட் டப்பாவோடு போய் நின்றேன். தலைமை ஆசிரியை கதவருகிலேயே நிறுத்தி, "பெயிண்ட் வேண்டாம் சார், கழிவறைக்கு மோட்டார் கேட்டிருந்தேனே" என்றார். ஜூலையில் எழுதிய கடிதமாம். திரும்பி வந்து தேடினேன். என் மேஜையில், டிரேயின் அடியில்தான் இருந்தது.