ஆர்மீனிய வரலாற்றைப் படம் போட்டுச் சொல்லித்தரும்போது சறுக்கும் இடங்கள்

முதல் உலகப் போர்க் காலத்தில் உஸ்மானிய (துருக்கிய) பேரரசில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலையைப் பாடமாக நடத்தும்போது வகுப்பில் ஒரு படம் போடுவது நல்ல யோசனைதான். படம் முடிந்ததும், “பார்த்தீர்கள் இல்லையா, 1915-இல் இதுதான் நடந்தது” என்று ஆசிரியர் சொல்லிவிடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. யார் காசு போட்டது, எந்த ஆண்டில் எடுத்தது, யார் பார்க்க எடுத்தது என்ற கேள்விகள் வராவிட்டால் பாடம் பாதியிலேயே நின்றுவிடும்.

1919-இல் அமெரிக்காவில் வெளியான ‘ரேவிஷ்ட் ஆர்மீனியா’ என்ற மௌனப் படத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தைப் பறிகொடுத்து, தப்பி, அமெரிக்கா போய்ச் சேர்ந்த அரோரா மார்டிகானியனின் கதை அது. அரோராவாக நடித்ததும் அவரேதான். பதின்ம வயது தாண்டவில்லை. படப்பிடிப்பில் துருக்கியர் வேடத்தில் சிவப்புக் குல்லாய் போட்ட துணை நடிகர்களைப் பார்த்து, தன்னைக் கொல்லத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று மிரண்டுபோனாராம். கணுக்கால் முறிந்த பிறகும் கட்டுப்போட்டு நடிக்க வைத்தார்கள். (இதையும் வகுப்பில் சொல்லத்தான் வேண்டும்.)

அந்தப் படத்தில் பெண்கள் வரிசையாகச் சிலுவையில் அறையப்பட்ட காட்சி ஒன்று உண்டு. இணையத்தில் அதை 1915-இன் நிஜப் புகைப்படம் என்று பலர் பகிர்கிறார்கள். நடந்தது சிலுவையேற்றம் அல்ல, அதைவிடக் கொடூரம். அதை அமெரிக்கர்களுக்குக் காட்ட முடியாது என்று மாற்றிவிட்டார்கள் என்று அரோராவே முதுமையில் சொன்னார். இந்தக் காட்சியை ஆதாரமாகக் காட்டிய பிறகு, அது கலிஃபோர்னியாவில் எடுத்தது என்று ஒரு மாணவர் கண்டுபிடித்தால் அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார். இனப்படுகொலையே நடக்கவில்லை என்று மறுப்பவர்களுக்கும் அது வசதி. எஞ்சியிருப்பது சுமார் 20 நிமிடப் படச்சுருள்தான். அதன் துண்டுகளையும், அரோராவின் பிற்காலப் பேட்டியையும், அனிமேஷனையும் சேர்த்து இன்னா சஹாக்யன் இயக்கிய ‘அரோராஸ் சன்ரைஸ்’ 2022-இல் வந்தது. மூன்றில் எது சாட்சியம், எது நடிப்பு, எது கற்பனை என்று மாணவர்களையே பிரிக்கச் சொல்லலாம்.

கதையை 1915 ஏப்ரல் 24-இல், கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனிய அறிவாளிகள் கைதான நாளில் தொடங்குவது இன்னொரு தவறு. 1894–96 படுகொலைகளும் 1909 அதானா படுகொலையும் அதற்கு முந்தியவை. அதைவிட முக்கியம், சாவதற்காகவே வரலாற்றில் வந்தவர்கள் போல ஒரு மக்களை அறிமுகப்படுத்தக் கூடாது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானது நம் மதராஸில். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனிய தேவாலயத்தில் இருக்கிறது. சென்னை மாணவர்களுக்கு அங்கிருந்தே தொடங்கலாமே.

மத்தியதரைக் கடலோரத்து மூசா தாக் மலையில் நாடுகடத்தலை எதிர்த்து நின்ற 4,000-க்கும் மேற்பட்டோரைப் பிரெஞ்சுக் கப்பல்கள் மீட்டது உண்மை. திரைக்கதைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. ஆனால் சிரியப் பாலைவனத்தை நோக்கி, தேர் எஸ்-ஸோர் பக்கம் நடத்திச் செல்லப்பட்டவர்களுக்குக் கப்பல் வரவில்லை. மீட்புக் காட்சியோடு மணி அடித்துவிட்டால் விதிவிலக்கே பாடமாகிவிடும்.

“துருக்கியர்கள் கொன்றார்கள்” என்று ஒரே வரியில் முடிப்பதும் வேண்டாம். உத்தரவு போட்டது ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னேற்றக் கமிட்டி என்ற கட்சி. நாடுகடத்த மறுத்த ஜெலால் பே போன்ற உஸ்மானிய ஆளுநர்களும் இருந்தார்கள். ‘தி கட்’ என்ற 2014 படத்தை இயக்கிய ஃபாத்தி அகின் துருக்கியப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவர்.

இனப்படுகொலை மறுப்பைத் தனியாக நடத்த நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ‘தி ப்ராமிஸ்’, ‘தி ஆட்டோமன் லெஃப்டினன்ட்’ இரண்டும் 2017-இல் சில வார இடைவெளியில் அமெரிக்கத் திரைக்கு வந்தன. இரண்டிலும் முக்கோணக் காதல். முன்னதற்குப் பணம் போட்டவர் ஆர்மீனிய அமெரிக்கக் கோடீஸ்வரர் கிர்க் கெர்கோரியன், பின்னதில் துருக்கிய முதலீடு. ‘தி ப்ராமிஸ்’ ஒரு விழாவில் சில முறை மட்டுமே திரையிடப்பட்டிருந்தபோதே அதற்கு இணையத்தில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு விழுந்தது. படுகொலைக்கு நூறாண்டு கழித்தும் நடக்கும் சண்டை அது.

எடுக்கப்படாத படத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூசா தாக் பற்றி ஃப்ரான்ஸ் வெர்ஃபெல் 1933-இல் எழுதிய நாவலின் உரிமையை ஹாலிவுட் ஸ்டுடியோ எம்ஜிஎம் வாங்கியிருந்தது. துருக்கித் தூதரகம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு நெருக்கடி கொடுக்க, ஸ்டுடியோ அந்தப் படத்தையே கைவிட்டது.