கீபோர்டில் காபி கொட்டினால்

காபி கொட்டிய மறுநாள் ‘க’ விசை அமுங்கியபடியே நின்றுவிட்டது. திரை முழுக்கக் கககக! தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரைதான் பசையாகத் தங்கும்.

முதலில் கேபிளைக் கழற்றுங்கள். அப்புறம் கீபோர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எது எங்கே என்று தெரியாதா என்று நினைத்த நான், ஓரத்து விசைகளில் முழித்தேன்.

ஒட்டும் விசையின் மூடியை நேராக மேலே இழுங்கள். ஸ்பேஸ் பாருக்கு அடியில் கம்பி இருக்கும்; அவசரப்பட்டால் கொக்கி உடையும். நான் அதைத் தொடுவதே இல்லை. லேப்டாப் விசைகள் இன்னும் மென்மையானவை, கழற்றாமல் விளிம்பில் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

மூடிகளைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். அடியிலுள்ள தண்டையும் குழியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஆல்கஹால் 90 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சீக்கிரம் உலரும். குச்சியில் பழுப்பு ஒட்டுவது நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு 7 குச்சி ஆயிற்று. நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

மூடிகள் ஓர் இரவு காயட்டும். பொருத்திய பிறகும் விசை எழும்பவில்லையா? அடியிலிருந்து விசையை மேலே தள்ளும் ரப்பர் குமிழ் கிழிந்திருக்கலாம். அப்படியானால் துடைத்துப் பயனில்லை.